ஓர் இலைக்கு எவ்வளவு

“ஆயிரம் இலைக்குச் சமைக்கேன் தாயி. ஒரு இலைக்குச் சமைக்க வரமாட்டேங்கு.”

வந்து உட்கார்ந்ததும் காந்திமதிநாதன் சொன்னது இதுதான்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருக்குச் சமைக்கணும்?”

“எனக்குத்தான்.”

ஆற்றுக்கு அக்கரையில், மலை எழும்புகிற இடத்தில், ஓடு போட்ட சின்ன மடம் அது. உலகம்மை அங்கே தனியாக இருந்தார். நாற்பது வயது இருக்கும். மனசு சரியில்லாதவர்கள் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து வந்து அவரிடம் ஏதாவது கேட்பார்கள். பதில் கிடைத்துப் போனவர்கள் உண்டு. ஒரு கட்டுக் கீரையோடு திரும்பிப் போனவர்களும் உண்டு.

காந்திமதிநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருநெல்வேலியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். மண்டபத்துக்குத் தேதி கேட்கும் முன்னால் இவரிடம் தேதி கேட்டுக்கொண்டு போகிற குடும்பங்கள் இருந்தன.

சமையலைவிடக் கணக்குக்குத்தான் அவருக்குப் பேர்.

பத்திரிகை எத்தனை அடித்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார். ஐந்நூறு என்றால் ஆயிரம் இலை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் இன்னும் இருநூறைக் கூட்டுவார். அடைமழைக் காலம் என்றால் முந்நூறைத் தள்ளுவார். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது அண்டாவில் சாம்பார் நாலு கரண்டி மிஞ்சியிருக்கும். குறைந்தது என்ற பேச்சு வந்ததில்லை. கொட்டினார்கள் என்ற பேச்சும் வந்ததில்லை.

போன ஆடியில் அவர் மனைவி கோமதி இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அவர் வீட்டில் இருந்தார். அந்த மட்டுக்கும் கூட இருக்க முடிந்தது.

அதற்குப் பிறகு உடம்பு பாதியாகிவிட்டது. சட்டை தோளில் நிற்கவில்லை. தை மாதத்துக்கு வாங்கின அட்வான்ஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஓட்டல்ல சாப்பிடலாமே அண்ணாச்சி.”

“போனேன். இறங்கல.”

“ஆள் வச்சுக்கிடலாமே.”

“ஊருக்கெல்லாம் சமைக்கவன் வீட்டுல சமையலுக்கு ஆளா?”

உலகம்மை கீரைத்தண்டை ஒடித்தார்.

“சரி. என்ன பிசகுது?”

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கணக்கு என்றதும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

“நூறு இலைக்கு ரசம் வைக்க புளி அரைக் கிலோ. மிளகு நூறு கிராம். ஒரு இலைக்கு வகுத்தா புளி அஞ்சு கிராம், மிளகு ஒரு கிராம். நகைக்கடைத் தராசு ஒண்ணு வாங்கி நிறுத்துப் போட்டேன். கொதி வாரதுக்குள்ள தண்ணி வத்திப்போச்சு. அடியில கரியும் புளியும் கிடக்கு. மறுநாள் தண்ணியக் கூட்டினேன். வெந்நி மாதிரி இருக்கு.”

“சின்னப் பாத்திரம்லா. தண்ணி சீக்கிரம் வத்தும்.”

“அது தெரியாதா தாயி? அதுக்கும் கழிச்சுப் பாத்துட்டேன். தீயைக் குறைச்சுப் பாத்துட்டேன். பத்து இலைக்கு வச்சு ஒரு கரண்டி எடுத்துட்டு மீதியக் கொட்டியும் பாத்துட்டேன். எதுவும் சரிப்படல.” தலையைக் குனிந்துகொண்டார். “நூறை ஆயிரமா பெருக்கினா சரியா வருது. ஒண்ணா வகுத்தா ஏன் வரமாட்டேங்கு?”

உலகம்மை ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

“எனக்குப் பசிக்குது அண்ணாச்சி. காலையிலயிருந்து பாத்தியில நின்னேன். ரசமும் சோறும் வைங்க. எனக்கு மட்டும்.”

“எத்தனை இலை?”

“ஒண்ணு.”

அவர் தயங்கினார். “தாயி, அதுதான் வரமாட்டேங்குன்னு…”

உலகம்மை ஆற்றில் கை கழுவப் போய்விட்டார்.

அடுக்களை சின்னது. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நாலைந்து டப்பாக்கள். அவர் டப்பாக்களைத் திறந்து திறந்து மோந்து பார்த்தார். மிளகு பழசு. சீரகம் பரவாயில்லை. புளி நல்ல புளி.

உப்பை எடுக்கப் போனவர் நின்றார். வெளியே எட்டிப் பார்த்தார்.

“உப்பு தூக்கலா வேணுமா, மட்டா வேணுமா?”

“நீங்க பாத்துப் போடுங்க.”

உலகம்மை கரைக்கல்லில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மணிக்கட்டு. வெயிலில் கறுத்த பிடரி. காலையிலிருந்து வெயிலில் நின்றவருக்கு நாக்கு வறண்டிருக்கும். காந்திமதிநாதன் உள்ளே போய்ப் புளியைக் கொஞ்சம் தாராளமாகவே கரைத்தார். மிளகு பழசென்பதால் இன்னும் நாலு கூட்டித் தட்டினார்.

ரசம் நுரை கட்டியது. இறக்கிக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டார்.

உலகம்மை உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை ரசம் கேட்டார். மூன்றாவது தடவை கையைக் குழித்து வாங்கிக் குடித்தார்.

“நல்லாருக்கு அண்ணாச்சி.”

அவர் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை கிராம் புளி போட்டீங்க?”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தராசு பையைவிட்டு வெளியே வரவில்லை.

“நிறுக்கல.”

“வகுத்தீங்களா?”

“இல்ல.”

“எத்தனை இலை?”

“ஒண்ணு.”

“அப்போ வருதுல்லா?”

“அது உங்களுக்கு வச்சது தாயி.”

“நான் ஒரு ஆள் இல்லையா?”

காந்திமதிநாதன் எச்சில் இலையை எடுக்கக் குனிந்தார். உலகம்மை அவர் கையைத் தடுத்து, தானே எடுத்துக்கொண்டு போனார்.

“நீங்க சாப்பிடலியா?”

“பசியில்ல.”

அன்றிரவு அவர் மடத்துத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் உலகம்மை ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டார்.

“கீழ ஊர்ல ஒரு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க ஆளில்ல. சாயங்காலம் வந்துருவேன்.”

“நானும் வாரேன் தாயி.”

“வேண்டாம். நீங்க உங்களுக்குச் சமைச்சுச் சாப்பிடுங்க. எப்படி இருந்துச்சுன்னு வந்ததும் கேப்பேன்.”

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிப் போனார். எதிர்க்கரை ஏறி மரங்களுக்குள் மறையும்வரை காந்திமதிநாதன் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சத்தமே இல்லை.

ஆற்றுச் சத்தம் இருந்தது. ஆனால் அது யாரையும் கூப்பிடுகிற சத்தம் இல்லை.

அவர் வாழ்ந்ததெல்லாம் சத்தத்துக்குள். கிரைண்டர் ஓடும், நாதஸ்வரம் கேட்கும், பந்திக்கு ஆள் எங்கே என்று யாராவது கத்துவார்கள். ‘அண்ணாச்சி, சாம்பார் இன்னொரு வாளி!’ என்று பத்துத் திசையிலிருந்தும் குரல் வரும். எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் ஒருவர் அசையாமல் நின்று கையை மட்டும் நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்.

இங்கே கையை நீட்டினால் எதுவும் நகராது.

அடுப்பைப் பற்றவைத்தார். இன்றைக்கு நிறுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். நேற்றுப் போலவே கண்ணால் பார்த்துப் போடலாம்.

எதைப் பார்த்து?

தனக்கு உப்பு தூக்கலா, மட்டா என்று கேட்டுக்கொண்டார். தெரியவில்லை. அவருடைய நாக்கு இத்தனை வருஷமும் அடுத்தவர்களுக்காகத்தான் ருசி பார்த்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், எந்தப் பக்கத்துக்காரர்கள் என்று கேட்டு அதற்குத் தக்கபடி காரம் வைப்பார். தன்னுடைய ஊர் நாக்கை எங்கேயோ வைத்துவிட்டார்.

புளியைக் கரைத்தார். போதாதென்று பட்டது. இன்னும் கொஞ்சம் கரைத்தார். அதிகமென்று பட்டது. தண்ணீரை ஊற்றினார். பிறகு தராசை எடுத்தார். தராசையும் பைக்குள் வைத்தார்.

ஒருவழியாக ரசம் என்று ஒன்று ஆனது.

இலையைப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வைக்கவில்லை. எழுந்துபோய் எடுத்துவந்தார். உட்கார்ந்தார். சோறு அடுப்படியில் இருந்தது. எழுந்தார். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் ரசக் கரண்டி இல்லை.

நூறு இலைக்குப் பரிமாற நாலு ஆள் என்பது அவருடைய கணக்கு. ஓர் இலைக்கு அதை வகுத்தால் ஆளே வருவதில்லை. பரிமாற ஆள் இல்லாத இலைக்காரன் இத்தனை தடவை எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

மறுபடி உட்கார்ந்தபோது இலை ரொம்பப் பெரிதாக இருந்தது. வரிசை வரிசையாக இலைகளுக்குப் பின்னால் நின்று பார்த்த மனுஷன். ஒற்றை இலைக்கு முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. கூடத்தின் நடுவில் அது மட்டும் பச்சையாகக் கிடந்தது.

ஒரு வாய் வைத்தார். சப்பென்று இருந்தது.

இலையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் கவிழ்த்தார். மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. அவை போனபிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்தபோது உலகம்மை வந்தார். காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“சமைச்சீங்களா?”

“சமைச்சேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“மீனுக்குப் போட்டேன்.”

உலகம்மை கரையில் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுல மதினி ரசம் நல்லா வைப்பாங்களோ?”

கோமதியைப் பற்றிக் காந்திமதிநாதன் பேசி ஆறு மாதமாகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி இறந்தாள் என்று கேட்டார்கள். எப்படிச் சமைப்பாள் என்று யாரும் கேட்கவில்லை.

“அவ வச்சா தெருவே மணக்கும் தாயி. மண்டபத்துல எனக்கு ஒரு வாய் இறங்காது. அடுப்புப் புகையிலேயே வயிறு ரொம்பிரும். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு அவ ரசத்தை ஊத்திச் சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி. நான் உக்காந்ததும் சூடா கொண்டுவந்து ஊத்துவா. நான் அடுத்தது கேக்கதுக்குள்ள கரண்டி வந்துரும்.”

“எத்தனை பேருக்கு வைப்பாங்க?”

“ரெண்டு பேருக்குத்தான். எங்க ரெண்டு பேரையும் விட்டா யாரு இருக்கா?”

“மாசத்துல எத்தனை நாள் வீட்டுல சாப்பிடுவீங்க?”

அவர் விரலை மடக்கி யோசித்தார்.

“முகூர்த்த மாசம்னா ஒரு மூணு நாள் இருக்கும்.”

“முப்பது நாளைக்கு மூணு.”

“பத்துக்கு ஒண்ணு,” என்றார் அவர். எந்தக் கணக்கு கண்ணில் பட்டாலும் அடித்துச் சுருக்கிவிடுவது அவருக்குப் பழக்கம்.

“மீதி ஒம்பது?”

“மீதி ஒம்பதும் மண்டபந்தான் தாயி. முந்தின நாளே போய்ச் சரக்கு இறக்கணும். காய் வெட்ட ஆள் பிடிக்கணும். நாகர்கோவில், தூத்துக்குடி, மதுரைன்னு ஓட்டம். லாரியிலயே தூங்கி, லாரியிலயே முழிச்சு… எனக்கு எங்க வீடு?”

“நான் உங்களைக் கேக்கல.”

அவர் மடக்கியிருந்த விரல்களைப் பார்த்தார்.

ஆற்றில் ஏதோ ஒரு காய்ந்த கிளை சுழன்று சுழன்று போனது. உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்தி முடிந்ததும் காந்திமதிநாதன் வீட்டுக்குப் போன் போடுவார். அது தவறியதே இல்லை. முதல் மணியிலேயே கோமதி எடுத்துவிடுவாள்.

“சாப்பாடு பத்துச்சா?” என்பாள்.

“பத்துச்சு.”

பாயசத்தை எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பார். பெண்ணின் மாமா அடுக்களைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார் என்பார். ஆயிரத்து நூறு இலை, ஓர் அப்பளம்கூடக் குறையவில்லை என்பார். அவள் எல்லாவற்றையும் கேட்பாள். ‘அப்படியா’ என்பாள். ‘உடம்பைப் பாத்துக்கிடுங்க’ என்பாள். அப்புறம், “சரி, வைக்கட்டா?” என்பாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டிக் கல்யாணத்தில் என்ன பொரியல் என்று கேட்டால் அவர் இப்போதும் சொல்லிவிடுவார். சேனை. கூடவே பீன்ஸ். மணப்பெண்ணின் பாட்டனாருக்குப் பல் இல்லையென்று அவருக்குத் தனியாகப் பூசணிக் கூட்டு வைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குத் தன் வீட்டு அடுப்பில் என்ன இருந்தது?

தேடிப் பார்த்தார். அந்த ஒன்பது நாட்களில் ஒரே ஒரு நாளையாவது பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் இலை போட்டாளா, தட்டில் சாப்பிட்டாளா? உட்கார்ந்தாளா, அடுப்படியில் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொண்டாளா? தண்ணீர் எடுக்க எத்தனை தடவை எழுந்தாள்? சமைத்தாளா, இல்லை, காலையில் வைத்ததையே மறுபடியும் சுட வைத்தாளா?

ஒன்றும் அகப்படவில்லை. விளக்கில்லாத அறையில் கையை வீசித் துழாவுகிற மாதிரி இருந்தது.

உலகம்மை எழுந்தார். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வாளியை எடுத்துக்கொண்டு போனார். எப்போது போனார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் காந்திமதிநாதன் உள்ளே போனார்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. வெகுநேரத்துக்குப் பிறகு கரிந்த புளியின் நெடி வாசல்வரை வந்தது.

உலகம்மை வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

கூடத்தின் நடுவில் இலை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். தண்ணீர் எடுத்துவந்தார். உட்கார்ந்தார். எழுந்து ரசத்தைக் கொண்டுவந்து தனக்குத்தானே ஊற்றிக்கொண்டார். சோறு குழைந்து போயிருந்தது. பிசைந்தார். ஒவ்வொரு வாயாக எடுத்து வைத்தார். நிறுத்தாமல் சாப்பிட்டார்.

“ரசம் எப்படி அண்ணாச்சி?”

“நல்லால்ல தாயி.”

“பிறகு ஏன் சாப்பிடுதீங்க?”

இலை ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை அவர் விரலால் ஒன்றுகூட்டினார். தலை நிமிரவில்லை.

“அவ சாப்பிட்டிருப்பால்லா.”